சூடேறும் போட் எஞ்சின்: தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பது

கடலில் நின்றுகொண்டு இதை வாசிக்கிறீர்கள் என்றால் முதலில் எஞ்சினை நியூட்ரலுக்கு எடுங்கள். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கிற சின்னத் துளையால் தண்ணீர் பீச்சுகிறதா என்று பாருங்கள். பீச்சவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். "கரை கிட்டத்தானே, மெதுவாக ஓடிப் போய்விடலாம்" என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் ஓடாத இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் சில நிமிடங்களில் பிஸ்டனைப் பிடித்துவிடும். நங்கூரத்தைப் போட்டுவிட்டு மிச்சத்தை வாசியுங்கள்.

நான் அதிகம் திறந்து பார்ப்பது யாழ்ப்பாணத்தில் குருநகர், பாசையூர்ப் பக்கத்துப் படகுகளின் பின்பலகையில் வெளியே பூட்டுகிற எஞ்சின்கள். 8 குதிரைவலுவில் இருந்து 40 வரை, அனேகமாக மண்ணெண்ணெயில் ஓடுபவை. சூடாகிறது என்று கொண்டுவருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இம்பெலரை மாத்தினால் சரிதானே?" என்பதுதான். இம்பெலர் என்பது தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் ரப்பர்ச் சக்கரம். பாதி நேரம் அது சரிதான். மற்றப் பாதியில் என்ன நடக்கிறது என்றால், இம்பெலரை மாற்றுகிறார்கள், சரிவராது. சூடேறினால்தான் திறந்து தண்ணீரை விடுகிற வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிகிறார்கள், அதுவும் சரிவராது. கடைசியில் பிஸ்டன் போன பிறகு சிலிண்டர்த் தலையைத் திறக்கிறார்கள். சாமானை மாற்றுவதற்கு முன்னால் தண்ணீர் போகும் வழியை அடியில் இருந்து மேலே விரலால் தொடர்ந்து பாருங்கள். அது எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கேதான் வேலை.

அந்த வழி இதுதான். புரொப்பெலருக்கு மேலே, தண்ணீருக்குள் நிற்கிற எஞ்சின் காலின் இரண்டு பக்கமும் இருக்கிற சல்லடையால் தண்ணீர் உள்ளே வருகிறது. கியர்ப் பெட்டியின் மேல், நெட்டு ஷாப்டில் பூட்டிய ரப்பர் இம்பெலர் அதை உறிஞ்சி ஒரு நெட்டுக் குழாயால் மேலே தள்ளுகிறது. அது சிலிண்டரையும் புகைவழியையும் சுற்றி ஓடி, தெர்மோஸ்டாட் திறந்ததும் வெளியேறி, புகையோடு சேர்ந்து காலுக்குள்ளால் கடலுக்கே திரும்புகிறது. பக்கத்துத் துளையால் பீச்சுவது இந்த ஓட்டத்தில் இருந்து பிரிகிற சின்ன வாய்க்கால். அனேக எஞ்சின்களில் அது தெர்மோஸ்டாட்டுக்கு முன்னாலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே பீச்சுகிற தண்ணீர் பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு மட்டுமே சாட்சி. தலை குளிர்கிறதா என்று அது சொல்லாது.

தண்ணீர் பீச்சவே இல்லை

எஞ்சினை நிறுத்திக் காலைத் தூக்குங்கள். சல்லடையில் சொப்பிங் பை ஒட்டியிருக்கும், அல்லது சாதாழை என்கிற கடற்புல் சுற்றியிருக்கும். சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று உரக்கிற நாட்களில் எங்கள் பக்கக் கரையில் சாதாழை முழங்கால் அளவுக்கு ஒதுங்கும்; அதை அறுத்துக்கொண்டு வெளிக்கிடும்போது சல்லடை மூடாமல் இருந்தால்தான் ஆச்சரியம். சொறிமுட்டையும் (ஜெல்லி மீன்) அப்படித்தான், உறிஞ்சி ஒட்டினால் பசை போலப் பிடிக்கும். கையால் எடுத்து, காலைத் திரும்பத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்.

சல்லடை சுத்தமாக இருந்தும் வரவில்லை என்றால் பீச்சும் துளையையே சந்தேகப்படுங்கள். உப்பும் மணலும் அந்தச் சின்ன வாயில் கட்டியாகிவிடும். படகிலேயே மருந்து இருக்கிறது: தடித்த தங்கூசி (நைலோன்) நூலில் ஒரு சாண் வெட்டி, துளைக்குள் விட்டுத் திருகித் திருகி உள்ளே தள்ளுங்கள். கம்பியால் குத்த வேண்டாம். உள்ளே ரப்பர்க் குழாய் இருக்கும், அது ஓட்டையாகிவிடும். கட்டி உடைந்தால் பழுப்புத் தண்ணீர் கொஞ்சம் துப்பிவிட்டுப் பிறகு தெளிவாக வரும். அத்தோடு பிரச்சினை முடிந்த எஞ்சின்கள் நிறைய.

இரண்டும் சரி, இன்னும் தண்ணீர் இல்லை என்றால் பம்ப்தான். துடுப்பு வலிக்க வேண்டும், அல்லது பக்கத்துப் படகைக் கூப்பிட வேண்டும். இதற்கு மேல் கடலில் செய்ய ஒன்றும் இல்லை.

தண்ணீர் வருகிறது, ஆனால் மெலிந்து வருகிறது, அல்லது விட்டு விட்டு வருகிறது

இது நாட்பட்ட நோய். நேற்று ஒரு முழம் தள்ளி விழுந்த தண்ணீர் இன்று காலோடு வழிகிறது என்றால் இம்பெலரின் இதழ்கள் தேய்ந்தோ வளைந்தபடி இறுகியோ போயிருக்கும். எஞ்சினை மெதுவாக ஓட்டும்போது மெலிந்து, கைபிடியைத் திருகினால் நன்றாக வருகிறதா? அப்படியென்றால் இம்பெலர் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். குறைந்த வேகத்தில் இதழ்கள் தங்களைச் சுற்றியிருக்கிற கிண்ணத்தோடு ஒட்டி உரசித்தான் தண்ணீரை அள்ளும். வேகம் கூடினால் இதழ்கள் மடிந்து விலகிவிடும், சுழற்சியின் விசையாலேயே தண்ணீர் மேலே போகும். தேய்ந்த இதழ் மெதுவான ஓட்டத்தில்தான் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

மாறாக, மெதுவாக ஓடும்போது சரி, வேகம் எடுத்ததும் தண்ணீர் அறுகிறது என்றால், காற்றை இழுக்கிறது. எஞ்சின் பூட்டியிருக்கிற உயரத்தைப் பாருங்கள். புரொப்பெலருக்கு மேலே தட்டையாக நிற்கும் தகடு படகின் அடிமட்டத்தோடு ஒரே கோட்டில், அல்லது சற்றுக் கீழே நிற்க வேண்டும். 20 அங்குல நெட்டைக் காலுக்கு வெட்டிய பலகையில் 15 அங்குலக் குட்டைக் கால் எஞ்சினைப் பூட்டினால் சல்லடை நுரைக்குள்தான் நிற்கும். கடலேரியில் ஓடுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பண்ணைக்கும் மண்டைதீவுக்கும் இடைப்பட்ட ஆழமில்லாத இடங்களில் காலைப் பாதி தூக்கி ஓட்டுவது எல்லோரும் செய்வதுதான். அந்த நேரம் சல்லடை காற்றை இழுக்கும், அல்லது சேற்றை இழுக்கும். காற்று என்றால் இம்பெலர் உலர்ந்து கருகும். சேறு என்றால் கிண்ணம் கீறுப்படும், மேலே தண்ணீர்ப்பாதையில் மண் படியும். மெதுவாகப் போங்கள், பீச்சும் தண்ணீரில் ஒரு கண் வையுங்கள். அடி தட்டுகிற இடத்தில் நிறுத்திவிட்டு மரக்கோலை ஊன்றிப் படகைத் தள்ளுவது எஞ்சினுக்கு எவ்வளவோ நல்லது.

மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த எஞ்சினையும் நம்ப வேண்டாம். 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காமல் போய், அந்த ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340 ரூபாய்க்கு ஏறியபோது எத்தனையோ எஞ்சின்கள் கரையில் சும்மா கிடந்தன. பிறகு தொழிலுக்கு இறக்கியவுடனேயே சூடாகிக் கொண்டுவந்தார்கள். திறந்து பார்த்தால் இம்பெலர் புதிது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு பக்க இதழ்கள் நசுங்கின வாக்கிலேயே விறைத்திருக்கும், விரலால் நிமிர்த்தினாலும் நிமிராது.

பம்பைத் திறக்கும்போது

இந்த வேலையைக் கவனமாகச் செய்தால் ஒரு வருடம் நிம்மதி. அவசரப்பட்டால் அடுத்த கிழமையே திரும்பவும் திறக்க வேண்டும்.

முதலில் பிளக் வயரைக் கழற்றுங்கள். கியர்க் கம்பி இணையும் இடத்தை அடையாளம் போட்டுவிட்டு இளக்குங்கள். காலைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் உப்பால் இறுகியிருந்தால் பலத்தைக் காட்ட வேண்டாம். ஊடுருவுகிற எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டு, மறுநாள் இறுக்கி இறுக்கி இளக்குங்கள். அலுமினியத்துக்குள் முறிந்த போல்ட்டை எடுப்பது பம்ப் மாற்றுவதை விடப் பெரிய வேலை.

கால் இறங்கியதும் பம்பை மூடியிருக்கிற உறையான பம்ப் வீட்டின் போல்ட்டுகளைக் கழற்றி வீட்டை மேலே உருவுங்கள். கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள்: இம்பெலரை ஷாப்டோடு பூட்டுகிற சின்னச் சாவி ஒன்று இருக்கிறது, அது விழுந்து மண்ணுக்குள் போனால் அன்றைய வேலை நின்றுவிடும். இப்போது மூன்றைப் பாருங்கள்: இம்பெலர், அது சுழலும் கிண்ணம், அடித் தகடு. கிண்ணத்திலும் தகட்டிலும் நகத்தை ஓட்டிப் பாருங்கள். கீறலில் நகம் மாட்டினால் அவற்றையும் மாற்றுங்கள். கீறல் விழுந்த கிண்ணத்துக்குள் புது இம்பெலர் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவதுதான்.

பிறகு, பழைய இம்பெலரின் இதழ்களை எண்ணுங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்கிறேன், செய்கிறவர்கள் குறைவு. பாசையூரில் இருந்து ஒரு அண்ணை 15 குதிரைவலு எஞ்சினோடு வந்தார். ஒரு மாதத்துக்குள் இரண்டு இம்பெலர் மாற்றியும் சூடு நிற்கவில்லை. "தம்பி, இதை விற்றுவிடலாமோ என்று யோசிக்கிறேன்" என்றார். முதன்முதல் கழற்றிய இம்பெலர் எங்கே என்று கேட்டேன். நல்ல வேளையாக எறியாமல் சாமான் பெட்டிக்குள் வைத்திருந்தார். ஆறு இதழில் நாலுதான் இருந்தது. மற்ற இரண்டும் எங்கே போயிருக்கும்? தண்ணீர் போகும் வழியால்தான். நெட்டுக் குழாயின் மேல் வாயில் ஒன்று குறுக்காக நின்றது. மற்றது தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே, உப்பு மூடி, பெருவிரல் நகம் அளவில் கறுப்புக் கல் மாதிரி ஒட்டியிருந்தது. அதைக் கையில் வைத்து நசுக்கியபோதுதான் ரப்பர் என்று தெரிந்தது. இரண்டையும் எடுத்த பிறகு, அவர் வாங்கிப் போட்டிருந்த இரண்டாவது இம்பெலரோடேயே எஞ்சின் ஓடியது. ஒரு இதழ் குறைந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது இம்பெலருக்கும் கிண்ணத்துக்கும் கோப்பை கழுவுகிற திரவச் சவர்க்காரம் கொஞ்சம் தடவுங்கள். உலர்ந்தபடி பூட்டினால் முதல் சில விநாடிகளிலேயே இதழ் கருகும். வீட்டைக் கீழே அமத்தும்போது ஷாப்டை மேலே இருந்து பார்த்து மணிக்கூட்டு முள் சுற்றும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே அமத்துங்கள். இதழ்கள் எல்லாம் ஒரே பக்கம் மடிய வேண்டும். ஷாப்டின் பல்லுப் பக்கங்களில் கிறீஸ் மெல்லிதாகப் பூசலாம், உச்சியில் பூசக் கூடாது. உச்சியில் கிறீஸ் அடைந்தால் ஷாப்ட் முழுதாக ஏறாது. காலைத் திரும்ப ஏற்றும்போது நெட்டுக் குழாயின் முனை பம்ப் வீட்டின் ரப்பர் வாய்க்குள் சரியாக இறங்கியதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். "இம்பெலர் மாத்தினேன், இப்ப கொஞ்சமும் தண்ணி வருதில்லை" என்று வருகிறவர்களுக்கு அனேகமாக நடந்திருப்பது, குழாய் அந்த வாயை விட்டு விலகி நிற்பதுதான். கடைசியாகக் கியரைப் போட்டுப் பாருங்கள்: நியூட்ரலில் புரொப்பெலர் இரண்டு பக்கமும் இலகுவாகச் சுற்ற வேண்டும், முன் கியரில் பிடிக்க வேண்டும்.

கால் கையில் இருக்கும்போதே கியர் எண்ணெயையும் ஒரு துளி இளக்கிப் பாருங்கள். பால்தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் சீல் போய்த் தண்ணீர் ஏறியிருக்கிறது.

தண்ணீர் நன்றாகப் பீச்சுகிறது, எஞ்சின் மட்டும் சுடுகிறது

எல்லோரையும் ஏமாற்றும் அறிகுறி இதுதான். அடியில் தண்ணீர் வருகிறது, மேலே ஓடவில்லை. மூடியைத் திறந்து, சுழல்கிற சில்லுக்குக் கையும் சட்டையும் படாமல், சிலிண்டர்த் தலையில் இரண்டு துளி தண்ணீர் விடுங்கள். 'சுர்' என்று பொங்கி மறைந்தால் அளவுக்கு மீறிய சூடு.

முதல் சந்தேகம் தெர்மோஸ்டாட். கழற்றி, பழைய சருவச் சட்டியில் தண்ணீர் வைத்துச் சோதித்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டின் வால்வைக் கொஞ்சம் திறந்து அந்த இடுக்கில் ஒரு நூலைக் கொடுத்து மூடவிடுங்கள். இப்போது அது நூலில் தொங்கும். சட்டியின் அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டு, பக்கத்தில் வெப்பமானியைப் பிடித்தபடி மெல்லிய நெருப்பில் சூடாக்குங்கள். வால்வு திறக்கிற நேரம் நூல் நழுவி தெர்மோஸ்டாட் 'டொக்' என்று சட்டிக்குள் விழும். அந்த நேரம் வெப்பமானி காட்டுகிற எண்ணைப் பாருங்கள். போட் எஞ்சின்களில் இது 50 பாகை செல்சியசுக்குக் கிட்ட இருந்து 60 வரைக்குள் பெரும்பாலும் நடக்கும். உங்கள் எஞ்சினுக்குரிய அளவு கைநூலில் இருக்கும். தண்ணீர் கொதித்தும் விழவில்லை என்றால் அது செத்துவிட்டது. கார் தெர்மோஸ்டாட்டை அந்த இடத்தில் போடப் பார்க்க வேண்டாம். அது 80 பாகைக்கு மேல்தான் திறக்கும். கடல்நீர் அவ்வளவு சூடேறினால் உப்பும் சுண்ணாம்பும் சுவரில் படிந்து பாதையையே அடைத்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம் தருகிற பழக்கம். பெற்றோல் எஞ்சினே அப்படி ஓடக் கூடாது. மண்ணெண்ணெய் எஞ்சின் கட்டாயம் ஓடக் கூடாது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குச் சூடு வேண்டும். எப்போதும் குளிர்ந்தபடி ஓடினால் பாதி எண்ணெய் எரியாமல் போகும், பிளக் கறுத்து நனையும், மெதுவாக ஓடும்போது எஞ்சின் நின்று நின்று போகும், பிஸ்டன் வளையங்கள் கரியில் ஒட்டும். "பிளக் மாத்தி மாத்தி அலுத்துப் போச்சு" என்று வருகிற எஞ்சினில் நான் முதலில் தேடுவது தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்பதைத்தான். சில சின்ன எஞ்சின்கள் அது இல்லாமலே செய்யப்பட்டவை, அவற்றின் கதை வேறு.

தெர்மோஸ்டாட் நல்லது என்றால் தண்ணீர்ப்பாதை அடைத்திருக்கலாம். தலை மூடியைத் திறந்தால் வெள்ளையாக, சுண்ணாம்பு பூசின மாதிரி, கையால் உடைக்க முடியாத படிவு இருக்கும். பனை ஈர்க்காலும் மரக் குச்சியாலும் சுரண்டி எடுங்கள். மிச்சத்தை வினாகிரியில் ஊற வைக்கலாம். நுரைத்து நுரைத்துக் கரையும், பிறகு நல்ல தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். மலசலகூடம் கழுவுகிற அசிட்டை ஊற்றக் கூடாது. உப்பைத் தின்கிற வேகத்தில் அலுமினியத்தையும் தின்னும். மூடியைத் திரும்பப் பூட்டும்போது புது காஸ்கட் போடுங்கள், போல்ட்டுகளை நடுவில் இருந்து வெளிப்பக்கமாகப் படிப்படியாக இறுக்குங்கள்.

காஸ்கட் எரிந்திருந்தால் வேறு அறிகுறி தெரியும்: பீச்சும் தண்ணீரில் காற்றுக் குமிழி வரும், அல்லது ஒரு பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கும்.

தண்ணீருக்குச் சம்பந்தமே இல்லாத காரணமும் உண்டு. எரிபொருளோடு கலக்கிற 2டி எண்ணெயை மிச்சம் பிடிக்கப் போய் எஞ்சினைச் சுட்டவர்கள் பலர். கைநூலில் 50க்கு 1 என்று போட்டிருந்தால் 20 லீற்றர் கானுக்கு 400 மில்லிலீற்றர். கண் மட்டத்தில் ஊற்றாமல் அளந்து ஊற்றுங்கள். காபரேட்டர் ஜெற்றில் அழுக்கு அடைத்து எரிபொருள் குறைவாகப் போனாலும் எஞ்சின் சுடும். அப்போது வேகம் எடுக்கும்போது திணறும், பிளக்கின் நுனி வெள்ளையாக இருக்கும்.

பீச்சும் தண்ணீர் கொதிக்கக் கொதிக்க வருகிறது, ஆவி வருகிறது

தண்ணீர் கொஞ்சமாக உள்ளே போய் அதிக நேரம் தங்குகிறது. பாதி அடைத்த சல்லடை, தேய்ந்த பம்ப், படிவு, இந்த ஒழுங்கில் பாருங்கள். இந்த நிலையில் எஞ்சினை நிறுத்திவிட்டு, மூடியைத் திறந்து தானாக ஆறவிடுங்கள். சுடுகிற தலையில் கடல் தண்ணீரை அள்ளி ஊற்றினால் தலை வளையும், வெடிக்கவும் செய்யும். ஆறிய பிறகு, பிளக்கைக் கழற்றிவிட்டுக் கயிற்றை மெல்ல இழுத்துப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் நல்லது. உரசல் தெரிந்தால் திரும்பவும் ஸ்டார்ட் பண்ண வேண்டாம். கரைக்கு வந்ததும் சிலிண்டர் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு சிலிண்டருக்கும் இடையில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்ளே கீறல் விழுந்திருக்கக் கூடும்.

படகுக்குள்ளே பூட்டிய (உள்ளிணைப்பு) டீசல் எஞ்சின் என்றால்

மயிலிட்டியில் நிற்கிற பெரிய படகுகளுக்கும் குறிகட்டுவானில் இருந்து நயினாதீவு, நெடுந்தீவு ஓடுகிற படகுகளுக்கும் வழி கொஞ்சம் வேறு. அனேகமாக அங்கே இரண்டு தண்ணீர்: எஞ்சினைச் சுற்றுகிற நல்ல தண்ணீர், அதைக் குளிர்விக்கிற கடல் தண்ணீர். புகைக்குழாயால் வரும் தண்ணீர் குறைந்து, சத்தம் வறண்டு பலத்துக் கேட்டால் கடல் தண்ணீர்ப் பக்கம்தான் பிழை: அடி வால்வு திறந்திருக்கிறதா, வடிக்கும் கூடையில் சாதாழை இருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பம்ப் இம்பெலர் எப்படி இருக்கிறது, அப்புறம் வெப்ப மாற்றியின் குழாய்கள். புகைத் தண்ணீர் வழமைபோல் வந்தும் சுட்டால் நல்ல தண்ணீரின் அளவைப் பாருங்கள், ஆனால் ஆறிய பிறகு. சுடச்சுட மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில்தான் அடிக்கும்.

கரைக்கு வந்த பிறகு

பரல் ஒன்றில் நல்ல தண்ணீரை நிரப்பி, புரொப்பெலரைக் கழற்றிவிட்டு, சல்லடையும் பம்பும் மூழ்குகிற அளவுக்குக் காலை இறக்கி, நியூட்ரலில் பத்து நிமிடம் மெதுவாக ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கிற அளவுக்குச் சூடேற வேண்டும், அப்போதுதான் மேல் பாதை கழுவுப்படும். தீவுப்பகுதியில் கிணறு உவர் என்று சிலர் கழுவாமலே விடுகிறார்கள். கிணற்று உவர் கடல் உப்பில் ஒரு சின்னப் பங்குதான், அதனால் கழுவுவது கழுவாமல் விடுவதை விட நல்லது. பரல் வசதி இல்லாவிட்டால் சல்லடையில் மாட்டுகிற இரண்டு ரப்பர் கிண்ணத்தோடு வரும் குழாய் கடைகளில் கிடைக்கும், தண்ணீர்க் குழாயில் பூட்டி ஓட்டலாம். ஒரு விநாடிகூடத் தண்ணீர் இல்லாமல் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

கழுவிய பிறகு எஞ்சினை நிமிர்த்தியே நிறுத்துங்கள், உள்ளே நின்ற தண்ணீர் தானாக வடியும். இம்பெலர் மாற்றிய திகதியை எஞ்சின் மூடியின் உட்பக்கம் அழியாத மையால் எழுதி வையுங்கள். நாளாந்தம் தொழிலுக்குப் போகிற எஞ்சினுக்கு வருடம் ஒரு தரம், சேற்றுக் கடலேரியில் ஓடுகிறதுக்கு அதைவிட முந்தி. புது இம்பெலர் ஒன்றையும் அந்தச் சின்னச் சாவி ஒன்றையும் சொப்பிங் பையில் சுற்றி சாமான் பெட்டிக்குள் போட்டு வையுங்கள்.